எரிவாயுவா? மின்சாரமா? புழக்கடை அடுப்பையும் கேளுங்கள்!

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் எலவனாசூர்கோட்டையில் இறங்கிச் சற்று நேரம் சாலையோரம் நின்று பாருங்கள். சிவப்பு உருளைகளை ஏற்றிய வண்டி ஒன்று கண்ணில் படும். தலையை உயர்த்தினால் மின்கம்பி தெரியும். வயற்காட்டுப் பக்கம் போகும் தெருவில் திரும்பினால், தலையில் விறகுக் கட்டுடன் வரும் ஒரு தாயையும் காணலாம். இவ்வட்டாரத்துச் சமையலறைகளுக்கு வெப்பம் வந்து சேரும் வழிகள் இம்மூன்றுதான். ஒன்று சாலை வழியே வருகிறது; ஒன்று கம்பி வழியே வருகிறது; ஒன்று தலைச்சுமையாக வருகிறது.

'வீட்டுச் சமையலுக்கு ஏற்றது எரிவாயு அடுப்பா, மின் அடுப்பா?' என்று பள்ளியில் பட்டிமன்றம் வைத்தால், இரு கட்சியும் முழங்கிய பிறகு நடுவர், 'இரண்டும் நல்லவையே' என்று முடித்துவிடுவார். அறிவியல் மாணவர்களாகிய நீங்கள் அப்படித் தப்பித்துக்கொள்ளலாகாது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேச வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களில் எரிவாயு அடுப்பைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு மின் அடுப்பும் இருக்க வேண்டும். அதன் பயன், புழக்கடையில் இருக்கும் மூன்றாவது அடுப்பு மறுபடி புகையாமல் காப்பதில்தான் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வெப்பக் கணக்கு. 30 பாகையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். (உங்கள் பாடநூல் ஜூலில் பேசும், ஒரு கிலோ கலோரி ஏறத்தாழ 4.2 கிலோ ஜூல். சமையலறைக் கணக்குக்குக் கலோரி வசதியானது.) புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். அவ்வளவும் பாத்திரத்துக்குள் போய்விடுமா? போகாது. பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறும் சூடான காற்று ஒரு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. வீட்டு எரிவாயு அடுப்பு ஆய்வுக்கூடச் சோதனையில் 68 விழுக்காடாவது திறன் காட்ட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நம் வீட்டிலோ பர்னர் துளைகளில் பால் பொங்கி அடைத்திருக்கும். சின்னப் பாத்திரத்துக்குப் பெரிய தீ வைப்போம். ஆகவே 60 விழுக்காடு என்று கொள்வோம். அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ பத்தரை கிராம் எரிவாயு செலவாகும்.

இனி மின் அடுப்பு. பழைய சுருள் அடுப்பில் நிக்ரோம் கம்பி பழுக்கக் காய்ந்து, அந்தச் சூடு பாத்திரத்துக்கு ஏறுகிறது. இப்போது கடைகளில் அதிகம் விற்பது தூண்டல் அடுப்பு, அதாவது இண்டக்ஷன் அடுப்பு. இதில் காய்ந்து சிவக்கும் பொருள் எதுவுமில்லை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஒரு விநாடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. பாத்திரம் தானே சூடாகிறது! 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரில் நடப்பதும் இதுவே. டிரான்ஸ்ஃபார்மரில் சுழல் மின்னோட்டத்தை வீண் என்று ஒடுக்குகிறார்கள். அடுப்பில் அதையே வேண்டுமென்று வரவழைக்கிறார்கள். இடைவழியில் இழப்பு குறைவு என்பதால் இதன் திறனை 85 விழுக்காடு என்று கொள்ளலாம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். அதில் 731 கிலோ கலோரி பாத்திரத்தைச் சேரும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

இதே கணக்கை ஒரு முழு உருளைக்கு நீட்டிப் பாருங்கள். 14.2 கிலோ எரிவாயுவில் பாத்திரத்துக்குப் போகும் வெப்பம் ஏறத்தாழ 93,700 கிலோ கலோரி. அதை 731-ஆல் வகுத்தால் 128 வரும். ஆக, ஓர் உருளை செய்யும் வேலையை இண்டக்ஷன் அடுப்பு 128 யூனிட்டில் செய்துவிடும். இந்த 128 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பணக் கணக்குக்கு வேண்டும்.

85-க்கு எதிரே 60 என்றதும் மின்சாரம் வென்றுவிட்டது என்று கைதட்டிவிடாதீர்கள். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எலவனாசூர்கோட்டைக்குக் கிழக்கே, உளுந்தூர்பேட்டையைத் தாண்டிப் போனால் அதிகத் தொலைவில்லை நெய்வேலி. அங்கே 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ நிலக்கரி செலவாகிறது. அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி நீராவியைக் குளிரவைக்கும் கோபுரங்கள் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வானத்துக்குப் போய்விடுகிறது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரத்துக்கும் இந்தக் கப்பம் உண்டு. பிறகு கம்பி வழியே வரும்போது கொஞ்சம் இழப்பு. முடிவில் நிலக்கரியின் நூறு பங்கு வெப்பத்தில் உங்கள் சோற்றுப் பானைக்கு வந்து சேருவது ஏறத்தாழ 24 பங்குதான். எரிவாயுவிலோ 60.

கரியமிலவாயுக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமிலவாயு. ஓர் உருளைக்கு 43 கிலோ. இந்தியாவின் மின்வலையில் நிலக்கரி, நீர், காற்று, சூரியன், அணு எல்லாம் சேர்ந்த சராசரியாக ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. 128 யூனிட்டுக்கு 90 கிலோ. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வீடுவரை எரிவாயுவைக் கொண்டுவரும் செலவைக் கூட்டினால் இடைவெளி குறையும். ஆனால் இன்றைய நிலையில் மறைந்துவிடாது. 'மின் அடுப்புப் புகையில்லாதது' என்று விளம்பரத்தில் படிக்கும்போது, புகை ஊர் மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சூரிய மின்சாரம் பெருகப் பெருக இந்தக் கணக்கு மாறும். நடுப்பகலில் சமைப்பவருக்கு முதலில் மாறும். இரவு எட்டு மணிக்குத் தோசை சுடுபவருக்குக் கடைசியில்தான் மாறும்.

அப்படியானால் எரிவாயுவே போதுமே என்பீர்கள். அதற்கும் ஒரு குறை உண்டு. இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் சரிபாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. அதிலும் பெரும்பங்கு மேற்கு ஆசியாவில் ஏற்றப்பட்டு ஹோர்முஸ் நீரிணை என்ற குறுகிய கடல்வாயைக் கடந்து வருகிறது. அங்கே போர்மேகம் சூழ்ந்தால் எலவனாசூர்கோட்டையில் ரசம் கொதிப்பது தாமதமாகலாம். மின்சாரத்துக்கும் கெட்ட காலம் உண்டு என்பதை 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பல மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். உங்கள் அம்மாவைக் கேளுங்கள். ஒரே வழியை நம்பியிருக்கும் சமையலறை, அந்த வழி அடைபட்டதும் எங்கே திரும்பும்? புழக்கடைக்குத்தான். மூன்று கல்லும், கருவேல முள்ளும், மரவள்ளிக் குச்சியும், பருத்திமாரும் அங்கே எப்போதும் தயார்.

இந்த மூன்றாவது அடுப்பைப் பற்றிப் பட்டிமன்றத்தில் யாரும் பேசுவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் தூய எரிபொருளில்தான் சமைக்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி, 'முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்?' என்பது. வெந்நீர் போடவும், களி கிண்டவும், மாதக் கடைசியில் உருளை தீர்ந்த நாட்களைத் தள்ளவும் எரியும் இரண்டாவது அடுப்பு அந்தக் கணக்கில் வராது. மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். அங்கே விறகு காலடியில் கிடக்கிறது; உருளையோ மலைப்பாதை ஏறி வர வேண்டும்.

விறகுப் புகையில் நாம் அஞ்ச வேண்டியது கண்ணைக் கரிக்கும் பெரிய துகள்களை அல்ல. தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கே உள்ள, 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்களைத்தான். இவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். இதை அளக்க ஒரு பெரிய ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 'ஹேப்பின்' என்ற சுருக்கப் பெயருடைய அந்தப் பன்னாட்டு ஆய்வு 2018-இல் பங்கேற்பாளர்களைச் சேர்க்கத் தொடங்கியது. குவாதமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில், நாட்டுக்கு 800 வீதம் 3,200 கருவுற்ற பெண்கள் சேர்ந்தார்கள். இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டவை நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்கள். கள்ளக்குறிச்சி வட்டாரம் அன்று விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் இந்தியப் பகுதியை நடத்தினர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதத்துக்கு இலவச எரிவாயுவும் தந்தார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள். சுவாசிக்கும் காற்றை அளக்கும் சிறு கருவியைப் பெண்கள் அணிந்துகொண்டார்கள்.

விளைவு என்ன? கருவுற்ற காலத்தில் விறகுக் குழுவினர் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம் நுண்துகள். எரிவாயுக் குழுவினருக்கு ஏறத்தாழ 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! ஆனால் 2022-இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் இரு குழுவுக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2024-இல் வெளியான முடிவில் குழந்தைகளின் கடும் நிமோனியாவும் குறைந்திருக்கவில்லை. ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது இதுவல்ல. இருந்தும் மறைக்காமல் வெளியிட்டார்கள். இதை வைத்து 'புகையால் கெடுதி இல்லை' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல்லாண்டுகள் புகையில் நின்றவர்களின் நுரையீரல் நோயைப் பற்றிய சான்றுகள் தனியே இருக்கின்றன. 18 மாதத்தில் அளக்கக்கூடியது அல்ல அது. மேலும், 24 என்பதும் முழுத் தூய்மை அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டுச் சராசரி இலக்கு வெறும் 5. தெருவில் பத்து வீடு புகைந்தால், எரிவாயு வைத்திருக்கும் பதினோராவது வீடும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கும். ஆகவே ஒரு வீட்டில் நல்ல அடுப்பு இருப்பது மட்டும் போதாது. தெருவிலேயே கெட்ட அடுப்பு எரியாமலிருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் விறகடுப்பு மீண்டும் பற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். எனவே பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உருளை 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 128-ஆல் வகுத்தால் 7 ரூபாய். அதாவது அடுத்த யூனிட் 7 ரூபாய்க்குக் குறைவாகக் கிடைக்கும் வீட்டுக்கு இண்டக்ஷன் அடுப்பு லாபம், கூடுதலானால் நட்டம். 'அடுத்த யூனிட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும் ஏறுமுகக் கட்டணம். 2016-இல் முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2022-இல் மாற்றிய விகிதப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அடுத்த யூனிட் 8 ரூபாய். அதோடு முந்தைய படிகளின் சலுகையும் சுருங்கிவிடும். விகிதங்கள் பின்னர் உயர்ந்துள்ளன. உங்கள் வீட்டு ரசீதைப் பார்த்துப் புதிய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஒரு தொலைக்காட்சி உள்ள வீடு இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் செலவழிக்கிறது என்போம். நாற்பது நாளைக்கு ஓர் உருளை வீதம் இரண்டு மாதத்தில் ஒன்றரை உருளை ஆகிறது. சமையலில் பாதியை மின்சாரத்துக்கு மாற்றினால் முக்கால் உருளை மிச்சம். மின்சாரம் 96 யூனிட் கூடும். 2022 விகிதப்படி கூடுதல் கட்டணம் ஏறத்தாழ 320 ரூபாய். முக்கால் உருளையின் விலை 675 ரூபாய். உஜ்வலா இணைப்புக்கு 2023 அக்டோபரில் உயர்த்தப்பட்ட 300 ரூபாய் மானியத்தைக் கழித்தால்கூட 450 ரூபாய். குளிர்சாதனம் ஓடும் பெரிய வீட்டுக்கோ இதே மாற்றம் நட்டமாக முடியும். மின் அடுப்பு வசதி படைத்தவர்களின் பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கோ சிறிய வீட்டின் பக்கம் நிற்கிறது.

ஆனால் அந்தச் சிறிய வீட்டின் சுவரைப் பாருங்கள். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருப்பதோ விசிறிக்கும் மிக்சிக்கும் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட். மெல்லிய கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்கு. பிளக் உருகி நாற்றம் வருவதற்கு இதுதான் காரணம். கிராமத்தின் கடைசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டில் மாலையில் மின்னழுத்தமும் தாழும். 230 வோல்ட் 180 ஆனால், சுருள் அடுப்பின் வெப்பம் 61 விழுக்காடாகிவிடும். திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். இண்டக்ஷன் அடுப்பு ஓரளவு சமாளிக்கும். மிகவும் தாழ்ந்தால் பீப் ஒலி எழுப்பி நின்றுவிடும்.

தமிழ்நாடு அரசு 2007-இல் இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் தந்தது. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அடுத்து ஒன்று தருவதாக இருந்தால், ஒவ்வொரு சிறிய வீட்டின் சமையலறையிலும் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கு ஏற்ற தடிமனான கம்பியும், நல்ல எர்த்தும் தரட்டும் என்பேன். மேடையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள அது அழகாக இராது என்பது உண்மைதான்.

இனி எந்த வேலை எந்த அடுப்புக்கு? தண்ணீர், பால், பருப்பு, குக்கர் சோறு, இட்லி ஆகிய கொதிக்கும் வேலைகளெல்லாம் இண்டக்ஷனுக்கு ஏற்றவை. இரும்புத் தோசைக்கல்லும் அதில் நன்றாகவே காயும். மண்சட்டி, செம்பு, பித்தளை, அலுமினியம் எதுவும் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்யாது. பாட்டி வைத்திருக்கும் ஈயச்சொம்பும் அப்படியே. (ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயம், 232 பாகையில் உருகிவிடும். வெறுஞ்சொம்பாக எரிவாயு அடுப்பில் வைத்தாலும் போயிற்று.) கேழ்வரகுக் களிக்கும் இது உதவாது. துடுப்பை அழுத்திக் கிண்டினால் வழுவழுப்பான கண்ணாடியில் பானை சுழன்று நகரும்; கண்ணாடிக்கும் ஆபத்து. களியையும் குழம்புச் சட்டியையும் எரிவாயுவுக்கு விட்டுவிடுங்கள். எந்த அடுப்பானாலும், கொதி வந்த பிறகு தீயைக் குறைக்க வேண்டும். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 பாகைக்கு மேல் ஏறாது. கூடுதல் தீயில் ஆவிதான் கிளம்பும், சோறு விரைந்து வேகாது.

எரிவாயுவைப் பற்றி ஒரு சொல். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்கு இயல்பில் வாடையில்லை. நமக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், உருளையின் ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறவுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், காற்றுப் போதவில்லை என்று பொருள். நீலச் சுடரும் நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கும். மின் அடுப்பில் இது இல்லை. சன்னல் இல்லாத சமையலறைக்கு இது ஒரு பெரிய வேறுபாடு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், எந்தெந்தப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிறது என்று எழுதுங்கள். எல்லா எவர்சில்வரும் ஒட்டாது. பிறகு, இண்டக்ஷன் அடுப்பு உள்ள வீட்டில், மற்ற மின்கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, மூடிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மின் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அது 3,200 என்றால், நம் கணக்குப்படி ஏறத்தாழ 300 மின்னலில் தண்ணீர் கொதிக்க வேண்டும். இருவராகச் சேர்ந்து எண்ணுங்கள், விரைவாக மின்னும். மூடி இல்லாமலும் ஒருமுறை எண்ணி, இரண்டு எண்களையும் உங்கள் வீட்டு ரசீதின் பின்பக்கத்தில் குறித்து அம்மாவிடம் காட்டுங்கள்.